சுருளில் விளைந்த மணி

சிங்கப்பூரின் வடமேற்கே, ஜொகூர் நீரிணையை நோக்கியிருக்கும் நிலப்பகுதி கிராஞ்சி எனப்படும். மலாய் மக்கள் 'கெராஞ்சி' என வழங்கும் ஒரு மரத்தின் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று என்பர். அம்மரத்தின் கனி, கருநிறமான மெல்லிய ஓட்டுக்குள் புளிப்பும் இனிப்பும் கலந்த சதையை உடையது. இன்று கிராஞ்சி என்றதும் அம்மரத்தை நினைப்பவர் சிலரே. ஆற்றின் முகத்தில் அணை எழுப்பி 1975இல் உருவாக்கப்பட்ட நீர்த்தேக்கத்தைச் சிலர் நினைப்பர். 1999 முதல் 2024 வரை அங்கே நடைபெற்ற குதிரைப் பந்தயத்தைச் சிலர் நினைப்பர். குன்றின்மீது வரிசை வரிசையாக வெண்கற்கள் நிற்கும் போர்க் கல்லறையை நினைப்போரும் உண்டு.

இவற்றோடு எண்ணத்தக்க இன்னொன்றும் கிராஞ்சியில் உண்டு. வீடுகளில் ஒருமுறை பயன்படுத்திக் கழித்த நீரை மீண்டும் தூய்மை செய்து 'நியூவாட்டர்' என்னும் பெயரில் வழங்கும் பணி சிங்கப்பூரில் 2003இல் தொடங்கியது. அப்பணியை முதலில் மேற்கொண்ட ஆலைகளுள் ஒன்று பிடோக்கில் அமைந்தது. மற்றொன்று கிராஞ்சியில் அமைந்தது. நீர்வளம் குறைந்த தீவு, கழித்த நீரைக் கடலுக்கு விட்டுவிடாமல் மறுபடியும் அழைத்து வந்த இடம் அது. கழித்ததைக் கழிவு என்று உடனே தீர்ப்பளித்து விடாத ஒரு மனப்பான்மை அந்த ஆலைக்குள் இருக்கிறது. அதே மனப்பான்மை ஒரு சிறு பிள்ளையின் கையிலும் கத்தரிக்கோலாகவும் பசையாகவும் வடிவெடுக்கக் கூடும்.

நாளிதழின் ஆயுள் ஒரு பகற்பொழுது. காலையில் ஆவலோடு விரிக்கப்படும் தாள், மாலையில் மடிக்கப்பட்டு மூலையில் சேர்கிறது. சில வாரங்களில் அது கட்டாகி, 'கரங்குனி'க்காரரின் வண்டியில் ஏறுகிறது. கரங்குனி என்பது கோணிப்பையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பழைய தாள்களையும் துணிகளையும் கோணிப்பையில் சுமந்து வாங்கியவர்க்கு அதுவே பெயராயிற்று. அவர் கைக்குச் சேராத குப்பை எரியுலைக்குப் போகிறது; எரித்த சாம்பல் செமக்காவ் தீவின் நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999 முதல் இயங்கும் அந்த நிரப்பிடம் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. சிறிய நாட்டில் குப்பைக்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது.

இத்தகைய நாட்டில், கிராஞ்சி இரயில் நிலையத்துக்கு அடுத்ததான மார்சிலிங் வட்டாரத்தில், வீவக அடுக்குமாடி வீடு ஒன்றில் ஒரு மூதாட்டி தம் மகன் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தார். இளமையில் தேக்காவில், கேம்பல் லேனில் இருந்த பூக்கடை ஒன்றில் பூக்கட்டிய கை அவருடையது. மல்லிகையையும் சாமந்தியையும் இடைவெளி பிசகாமல் தொடுத்த விரல்கள் முதுமையில் சற்றே மடங்கிப்போயின. கண்ணில் புரை படர்ந்து, நாளிதழின் தலைப்பை மட்டுமே படிக்க முடிந்தது. ஆயினும் தமிழ் நாளிதழ் வீட்டுக்கு வருவதை நிறுத்தவிடவில்லை. தலைப்பைப் படிப்பார், படத்தைப் பார்ப்பார், மடித்துக் கதவோரத்தில் அடுக்குவார்.

தொடக்கநிலை நான்கில் பயிலும் பேத்தி ஒருத்தி அவ்வீட்டில் இருந்தாள். பெற்றோரும் அவளும் தமக்குள் பேசிக்கொண்டது பெரும்பாலும் ஆங்கிலம். பாட்டியோடு பேசும்போது மட்டும் தமிழ் வந்தது; அதுவும் சோறு, தண்ணீர், தொலைக்காட்சி என்ற அளவில் நின்றது. ஜூன் மாத விடுமுறையில் தோழி ஒருத்தி காகித மணிகளால் செய்த கைவளை ஒன்றை அவளிடம் காட்டினாள். தானும் அதுபோல் செய்ய வேண்டும் என்னும் ஆசை பிறந்தது. பழைய தாள் தேடியவள் கண்ணில் கதவோரத்து அடுக்கு பட்டது. ஓர் இதழை எடுத்தாள், கத்தரிக்கோலையும் எடுத்தாள்.

"எழுத்து இருக்கிற தாள் கண்ணு, அதுல கத்திரி வைக்காதே" என்றார் பாட்டி.

சிறுமி கையை நிறுத்தினாள். ஆனால் கேள்வியை நிறுத்தவில்லை. "கரங்குனி அங்கிள் வந்தா எல்லாத்தையும் கட்டிக் கொடுத்திடுறீங்களே பாட்டி, அது மட்டும் பரவாயில்லையா?"

மூதாட்டியிடம் விடை இல்லை. தாள் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர் அவர். கலைமகள் விழாவில் ஏடுகளை அடுக்கிப் பொட்டிட்டு வணங்குவதைக் கண்டவர். எழுத்தைத் தெய்வமாகப் போற்றுவதும், எழுதிய தாளை எடைக்குப் போடுவதும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று இடறாமல் நடந்து வந்தன. பத்து வயதுப் பிள்ளை அந்த இரண்டையும் ஒரு வாக்கியத்தில் அருகருகே வைத்துவிட்டாள்.

சற்று நேரம் பேசாமல் இருந்த பாட்டி ஒரு வழி கண்டார். "சரி, வெட்டிக்கோ. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிச்சுக் காட்டிடு. படிக்காத தாளை வெட்டக் கூடாது."

அந்த ஓர் ஒப்பந்தத்தின்மேல் அவ்விடுமுறையின் கைவேலை முழுவதும் நடந்தது.

காகித மணி செய்யும் முறை எளிது. ஆனால் கவனம் வேண்டும். பத்து சென்டிமீட்டர் அகலமும் முப்பது சென்டிமீட்டர் நீளமும் உள்ள தாள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அடிவிளிம்பில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி இட வேண்டும். மேல்விளிம்பில் அரை சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, அவ்வாறே ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி இட வேண்டும். கீழ்ப்புள்ளியையும் மேல்புள்ளியையும் மாறி மாறி இணைத்தால் மேல்நோக்கிய முக்கோணம் பத்தும், கீழ்நோக்கிய முக்கோணம் ஒன்பதும் கிடைக்கும். ஓரங்களில் பாதி முக்கோணம் இரண்டு எஞ்சும். வீண் என்பதே இல்லை. அந்தப் பாதி முக்கோணங்களைச் சுருட்டினாலும் ஒருபக்கம் கூம்பிய குறுமணிகள் ஆகும்.

சுருட்டுவதற்கு மெல்லிய குச்சி வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஈர்க்கு உதவும். சிங்கப்பூரில் அதற்குச் சாத்தே குச்சி இருக்கிறது. இறைச்சித் துண்டுகளைக் கோத்துத் தணலில் வாட்டுவதற்கென மூங்கிலில் சீவிய குச்சி, மணி கோப்பதற்கும் பொருந்திவிடுகிறது. முக்கோணத்தின் அகன்ற அடியைக் குச்சியின்மேல் வைத்து முதல் சுற்றைப் பசையின்றிச் சுற்ற வேண்டும். பசை பட்டால் மணி குச்சியை விட்டு வராது. அதன்பின் தாளில் பசையை மெல்லத் தடவிக்கொண்டு, இறுக்கமும் நேர்மையும் குன்றாமல் சுருட்ட வேண்டும். கூர்முனை நடுவில் வந்து படியுமானால், நடு பருத்து இருபுறமும் மெலிந்த அழகிய மணி பிறக்கும். சற்றே சாய்ந்தால் மணியின் வயிறு ஒருபக்கம் ஒதுங்கிவிடும். நாளிதழ்த் தாளில் செய்த மணி நடுவில் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் பருமன் பெறும்.

தனித்தாள் விரலால் கிழியும். அதே தாள் பல சுற்றாகச் சுருண்டு பசையால் இறுகியபின் விரலால் நசுக்க முடிவதில்லை. ஒவ்வொரு சுற்றும் தனக்கு அடுத்த சுற்றைத் தாங்குவதே அதன் வலிமை.

சுருட்டிய மணிகளைக் குச்சியோடு நிறுத்தி உலரவிட வேண்டும். பாதியாக அரிந்த உருளைக்கிழங்கில் குச்சிகளைக் குத்தி வைக்கும்படி பாட்டி சொன்னார். காற்றில் ஈரம் மிகுந்த நாட்டில் ஓர் இரவு போதாது. மறுநாள் முழுவதும் விசிறிக் காற்றில் உலர வேண்டியிருந்தது. உலர்ந்தபின் நிறமற்ற நகப்பூச்சு இரண்டு மூன்று முறை பூசப்பட்டது. பூச்சு தாளுக்குப் பளபளப்பை மட்டும் தருவதில்லை. வியர்வையிலிருந்தும் மழைத்துளியிலிருந்தும் அதைக் காக்கிறது.

மணிகளை இழுபடும் நூலில் கோத்து முடிச்சிட்டபோது ஒரு பாடமும் கிடைத்தது. சிறுமியின் மணிக்கட்டுச் சுற்றளவு பதினான்கு சென்டிமீட்டர். பதினாறு மணி போதும், இரண்டு சென்டிமீட்டர் தளர்வாகவே இருக்கும் என்று அவள் கணக்கிட்டாள். கோத்து அணிந்தபோது வளை தோலைப் பிடித்தது. நூல் மணியின் நடுவே செல்கிறது. மணியின் பருமன் உட்புறம் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உள்வட்டம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. முடிச்சை அவிழ்த்து, மேலும் இரண்டு மணிகளைச் சேர்த்துப் பதினெட்டாக்கியபின் வளை இயல்பாக நின்றது. பூக்கட்டிய பாட்டிக்கு இந்தக் கணக்கு எழுத்தில் தெரியாது, விரலில் தெரியும். "மாலைன்னா கழுத்தளவை விடக் கொஞ்சம் கூடவே கட்டணும்மா. பூவே பாதி இடத்தை எடுத்துக்கும்" என்றார்.

இவை கைக்கு நேர்ந்த வேலை. நாவுக்கு நேர்ந்த வேலை இதைவிடக் கடினமாயிருந்தது. பத்து சென்டிமீட்டர் அகலத் தாள் என்றால் நாளிதழில் இரண்டு பத்திகளுக்கு மேல். முதல்நாள் அதைப் படித்து முடிக்கவே அரைமணிக்கு மேல் ஆயிற்று. பாடநூல் தமிழ் பழகியவளுக்குச் செய்தித்தமிழ் முரடாக இருந்தது. 'பற்றாக்குறை' என்னும் சொல்லில் அவள் நின்றுவிட்டாள். "பத்தாமப் போறதுதான் கண்ணு" என்றார் பாட்டி. வீட்டில் நாள்தோறும் கேட்ட சொல்லின் பெரிய உருவமே அது என்று தெரிந்ததும் சிறுமிக்கு வியப்பு உண்டாயிற்று. 'நீர்த்தேக்கம்' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பொருள் விளங்கவில்லை. தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடம் என்று பாட்டி விளக்கியதும், "ரிசர்வோயரா பாட்டி? கிராஞ்சியில இருக்கே!" என்றாள். பலமுறை வண்டியில் கடந்து போன நீர்ப்பரப்புக்கு அன்றுதான் தமிழில் ஒரு பெயர் கிடைத்தது.

சுருட்டிய மணியில் படித்த செய்தி தெரிவதில்லை. முக்கோணத்தின் சாய்ந்த விளிம்புகளும் கூர்முனையும் மட்டுமே வெளியே தெரியும். ஒரு புள்ளி, ஒரு கொம்பு, ஒரு சுழி, 'ழ'கரத்தின் வளைந்த வால் என எழுத்தின் துணுக்குகள் மணியின்மேல் கோடுகளாக நிற்கும். நகைக்கடை விளம்பரத்தைச் சுருட்டியபோது, படத்திலிருந்த பொன்மாலை காகித மணிமேல் மஞ்சள் வரியாயிற்று. சொற்கள் உள்ளே சுருண்டு கிடந்தன. படித்தவளுக்கும் கேட்டவருக்கும் மட்டுமே அவை தெரியும்.

எழுதும் பொருளையே அணியாக்குவது புதுமை என்று தோன்றலாம். தமிழர் வாழ்வில் அது மிகப் பழையது. பனையோலை முன்னோர்க்கு ஏடாக இருந்தது. அதே பனையோலை அணியாகவும் இருந்தது. காதைத் துளைத்து, ஓலைத் துண்டைச் சுருட்டி அத்துளையில் செருகிக்கொண்டனர். அதுவே காதோலை. பின்னர்ச் செல்வர் அதைப் பொன்னில் செய்து அணிந்தபோதும் 'ஓலை' என்னும் பெயர் மாறவில்லை. 'தோடு' என்னும் சொல்லுக்கு ஓலை என்றும் பூவிதழ் என்றும் பொருள் உண்டு. காதணிக்கும் அதுவே பெயர். ஆடிப்பெருக்கின்போது காவிரிக்கரைப் பெண்கள் ஆற்றுக்குப் படைக்கும் மங்கலப் பொருள்களுள் காதோலையும் கருகமணியும் இன்றும் இடம்பெறுகின்றன. பொன்னோலை செய்ய இயலாதவரும் ஆற்றுக்கு அளிக்கக்கூடிய அணி அது. சுருட்டிய ஓலையும் சிறு கருமணியும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. தாளைச் சுருட்டி மணியாக்கிய சிறுமி, தன்னை அறியாமலேயே காதோலையின் வழிமுறையில் வந்தவள் ஆகிறாள்.

அணியும் எழுத்தும் தமிழில் பிரியாமல் வந்திருப்பதற்கு இலக்கியப் பெயர்களே சான்று. ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களில் சிலம்பும் மேகலையும் சிந்தாமணியும் வளையும் குண்டலமும் ஒலிக்கின்றன. சிற்றிலக்கியங்களுள் இரட்டைமணிமாலை உண்டு; மும்மணிக்கோவை உண்டு. விளம்பி நாகனார் பாட்டுக்கு நான்கு கருத்தாகக் கோத்த அறநூலின் பெயர் நான்மணிக்கடிகை. கடிகை என்பதற்குத் துண்டம் என்றும் தோளில் அணியும் வளை என்றும் பொருள் கூறுவர். கோத்தல் என்னும் வினையிலிருந்தே கோவை பிறந்தது. இவையனைத்துக்கும் பொதுப்பெயரான 'நூல்' பஞ்சிலிருந்து திரிக்கும் இழையையும் புலவர் யாக்கும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கிறது. அந்த ஒப்புமையைப் பவணந்தி முனிவரின் நன்னூல் விரித்து உரைப்பதைத் தமிழாசிரியர் நன்கு அறிவர். வகுப்பறையில் விதியாக நிற்கும் அந்த ஒப்புமையை, நூலில் காகித மணி கோக்கும் பிள்ளை கையால் தொட்டு உணரலாம்.

மணி செய்வதும் கடல் கடந்து மணி விற்பதும் தமிழர்க்கு மரபான தொழில். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலிலும், புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டிலும் மணிகள் செய்யப்பட்டதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. தாய்லாந்தின் தென்பகுதியில் குளோங் தோம் என்னும் பழைய துறைமுக இடத்தில் ஏராளமான மணிகளோடு ஓர் உரைகல்லும் கிடைத்தது. 'பெரும்பதன் கல்' எனத் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கல், தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவருடையது என அறிஞர் கருதுகின்றனர். சிங்கப்பூரின் கேனிங் கோட்டைக் குன்றில் 1984இல் தொடங்கிய அகழாய்விலும் பழங்காலக் கண்ணாடி மணிகள் கிடைத்தன. கல்லும் கண்ணாடியும் ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் அழிவதில்லை. ஓலைச்சுருள் ஒன்றுகூட அவ்வாறு மிஞ்சவில்லை. ஏழையின் அணி, அவரோடே மண்ணாகிவிடுகிறது.

அதனால் அதற்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மகளிர் சுவர்த்தாள் துண்டுகளைப் பின்னல் ஊசியில் சுருட்டி மணிகளாக்கி, தேன்மெழுகு தேய்த்துப் பளபளப்பேற்றி வாயில்திரைகள் தொங்கவிட்டனர். அவர்க்கு அது பொழுதுபோக்கு. உகாண்டா நாட்டுப் பெண்களுக்கோ அது வாழ்வு. அந்நாட்டின் வடபகுதியில் நெடுங்காலம் நடந்த உள்நாட்டுப் போரால் ஊரிழந்த பெண்கள் தலைநகர் கம்பாலாவின் சேரிகளில் குடியேறினர். கல்லுடைத்துக் கூலி பெற்ற அவர்களுள் சிலர், பழைய தாள்களைச் சுருட்டி மணிமாலைகள் செய்து வந்தனர். அம்மாலைகளை வெளிநாடுகளில் விற்றுத்தர 2004இல் 'பீட் ஃபார் லைஃப்' என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. அவ்வருவாய் பல பெண்களுக்குப் பள்ளிக் கட்டணமாகவும் வீட்டுச் சுவராகவும் ஆயிற்று. எவரோ படித்து எறிந்த தாள், எழுதப் படிக்க வாய்ப்பின்றிப் போன தாயின் கையில் மணியாகி, அவள் பிள்ளையின் பாடநூலாக மீண்டது.

கிராஞ்சிக்கு அருகேயுள்ள வீட்டில் வறுமை இல்லை. அங்கே பற்றாக்குறை வேறொன்றில் இருந்தது. சிங்கப்பூரில் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர், 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடிவாசிகளுள் 3.3 விழுக்காட்டினராக இருந்தனர். 2020இல் அது 2.5 விழுக்காடாயிற்று. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று, பள்ளியில் பாடமாக இருக்கிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாள்தோறும் வெளிவருகிறது. 1950களில் அவ்விதழை ஒட்டி இயங்கிய இளையோர் அமைப்புக்கு 'மாணவர் மணிமன்றம்' என்றே பெயர். அதில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் எழுத்தாளரும் ஆசிரியரும் ஆயினர். அச்சில் தமிழ் இருக்கிறது. அலுவலகப் பலகையில் தமிழ் இருக்கிறது. தாளிலிருந்து நாவுக்கு அது ஏறுவதில்தான் குறை. கதவோரத்தில் படிக்கப்படாமல் உயர்ந்துகொண்டிருந்த அந்த அடுக்கு, குறையின் அளவுகோல் போல நின்றது. ஒருவருக்குப் படிக்கக் கண் இல்லை. மற்றவர்க்குப் படிக்க நேரமில்லை. சிறுமிக்குப் படிக்கக் காரணம் இல்லை. கைவளை அந்தக் காரணத்தைத் தந்தது.

ஆசிரியர் பணியில் இருப்போர் இதைச் சிந்திக்கலாம். வாசிப்பை வாசிப்புக்காகவே செய் என்று பிள்ளையிடம் சொன்னால் அது கடமையாகி விடுகிறது. கைக்கு ஒரு வேலையும், கேட்க ஒரு காதும் தந்துவிட்டால் வாசிப்பு அந்த வேலையின் ஒரு படியாகிவிடுகிறது. வெட்டுவதற்கு முன் படிப்பது, பசை பூசுவதற்கு முன் சுருட்டுவது போன்ற ஒரு முறை, அவ்வளவே. சிறுமி தமிழ் வளர்க்க முற்படவில்லை. மணிகளை விரைவில் முடிக்கவே முற்பட்டாள். விரைவாக முடிக்க விரைவாகப் படிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் வளைக்குள் அரைமணி நேரம் கால்மணியாகக் குறைந்தது.

நான்காம் வளைக்குத் தாள் எடுத்த நாளில் மீண்டும் ஒரு தடை வந்தது. சிறுமி விரித்த பக்கத்தில் சட்டமிட்ட படங்கள் இருந்தன. மரண அறிவிப்புகள் அவை. "அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்மா" என்றார் பாட்டி.

"படிச்சுட்டு வெட்டலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மத்ததெல்லாம் சேதி. நாளைக்கு வேற சேதி வரும். இது அவங்க பேரு. அதை எங்கே வெட்டுறது?"

சிறுமி அதையும் படித்துக் காட்டினாள். பெயர், வயது, பிறந்த ஊர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பட்டியல் நீண்டது. ஒரு பெயரைக் கேட்டுப் பாட்டி மறுமுறை படிக்கச் சொன்னார். தேக்காவில் அவரோடு பூக்கட்டிய தோழியின் பெயர் அது. இதழின் நாள் மூன்று வாரத்துக்கு முந்தியது. தலைப்பை மட்டும் படித்து மடித்து வைத்ததில், சிற்றெழுத்தில் இருந்த அச்செய்தி அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டிருந்தது. பேத்தி வளை செய்ய விரும்பியிராவிட்டால் கட்டோடு அது கரங்குனியின் வண்டியில் ஏறியிருக்கும். அன்று வேலை அதோடு நின்றது. மூதாட்டி தோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சிறுமி குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். தீபாவளிக்கு முன்னிரவுகளில் விடிய விடியப் பூக்கட்டியதையும், வாழைநார் தீர்ந்துபோன நாளில் இருவரும் அலைந்ததையும், கடைமூடியபின் ஒரே குவளைத் தேநீரைப் பகிர்ந்துகொண்டதையும் அவள் அதற்குமுன் கேட்டதே இல்லை.

பெயர் எழுதிய இடத்தை வெட்டக் கூடாது என்ற மூதாட்டியின் எண்ணத்துக்கு, அவ்வூர்க் குன்றே சான்றாக நிற்கிறது. கிராஞ்சிப் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போரில் உயிர்துறந்த 4,400க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். அதன் நடுவே 1957இல் திறந்துவைக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறை எதுவென்று அறியப்படாதவர்களின் பெயர்கள் அவை. இந்தியப் படையினராக வந்து மடிந்தவர் பலரும் அவர்களுள் அடங்குவர். உடல் கிடைக்காத இடத்தில் எழுத்து நிற்கிறது. கல்லில் பொறித்த பெயருக்கும் நாளிதழின் ஓரத்தில் அச்சான பெயருக்கும் ஆயுளில்தான் வேறுபாடு. வாய்விட்டுப் படிக்கும் ஒருவர் கிடைக்கும்வரை இரண்டும் காத்துக் கிடப்பவையே.

காகித வளை நெடுநாள் நிலைக்கும் பொருள் அன்று. குளிக்கும்போது கழற்ற வேண்டும். மழையில் நனைந்தால் துடைத்து உலர்த்த வேண்டும். எவ்வளவு பேணினாலும் பூச்சு மங்கும், இழுபடும் நூல் தளரும். சில மாதங்கள், பேணுவார் கையில் ஓரிரண்டு ஆண்டுகள் என்பதே அதன் வாழ்நாள். பொன்னைப் போல் அடகு வைக்க முடியாது. வழிவழியாகக் கொடுக்கவும் முடியாது. அதற்கு ஆன செலவு பசையும் நூலும் நகப்பூச்சும் தவிர வேறில்லை. அதன் விலை எல்லாம் பதினெட்டு முறை பொறுமையோடு உருண்ட விரல்களிலும், அதற்கு முன் இரண்டு பத்திகளைத் தடுக்கித் தடுக்கிப் படித்த நாவிலும் இருக்கிறது.

விடுமுறை முடியும் தறுவாயில் அவ்வீட்டில் ஐந்து வளைகள் இருந்தன. ஒன்று சிறுமியின் கையில், ஒன்று தோழிக்கு, ஒன்று தாய்க்கு, ஒன்று தமிழாசிரியைக்கு. ஐந்தாவது, மடங்கிய விரல்களைக் கடந்து பாட்டியின் மணிக்கட்டில் மெல்ல ஏற்றப்பட்டது. மாத இறுதியில் கரங்குனிக்காரரின் ஊதல் தாழ்வாரத்தில் கேட்டபோது, கதவோரத்துக் கட்டு முன்னிலும் சிறிதாக இருந்தது. அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன், இன்னும் படிக்காத இதழ் ஏதேனும் அதில் இருக்கிறதா என்று பார்க்கும்படி மூதாட்டி பேத்தியிடம் சொன்னார். சிறுமி கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினாள். கரங்குனிக்காரர் சற்று நேரம் வாயிலில் காத்திருக்க வேண்டியதாயிற்று.